பந்தலூர், நவ. 9

இருபத்திரண்டு ஆண்டுகள்
உங்கள் வாக்கியங்களை வெட்டியவன் நான்.
கோவையில், இரவு ஒன்பதரைக்கு,
கூடலூர் பஸ்ஸில் வந்த பழுப்பு உறை
என் மேசைக்கு வரும்.
டீசலும் ஈரமும் மணக்கும்.
ஃபேக்ஸ் வந்த பிறகும் நீங்கள் பஸ்ஸையே நம்பினீர்கள்.
உள்ளே ஆறு பக்கம், நீல மசி,
ஓரம் விட்டு எழுதும் டீச்சர் கையெழுத்து.
என்னிடம் இருந்ததோ
ஆறு சென்டிமீட்டர்.
நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டால்
அதுவும் இல்லை.

'காட்டு யானை அட்டகாசம்' என்று தலைப்பு வைத்தேன்.
மறுநாள் போனில் நீங்கள்:
"யானை அட்டகாசம் ஒண்ணும் பண்ணல தம்பி,
அது போற வழியில போச்சு.
செபமாலை செத்தது லைட்டு இல்லாத ரோட்டுல.
லைட்டு கேட்டு மூணு மனு போட்டிருக்கோம்.
தேதியெல்லாம் எழுதியிருந்தேனே?"
எழுதியிருந்தீர்கள்.
தேதிகளைத்தான் நான் முதலில் வெட்டுவேன்.

'கூடைக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கென்று கழிவு.
மழையே பெய்யாத மார்ச்சிலும் கழிவு.'
நல்ல வரி.
எஸ்டேட் தரப்பு விளக்கம் வரட்டும் என்று
எடுத்து வைத்தேன்.
ஒரு வாரம் கழித்து அது பழைய செய்தி.

உங்கள் பெயர் அச்சில் வந்ததே இல்லை.
நமது நிருபர் என்றுதான் போட்டோம்.
யாருடைய நமது என்று
யாரும் கேட்டதில்லை.
புஷ்பகாந்தி (68) என்று
நேற்று முதல் முறையாக வந்தது,
லயன் ஆட்கள் காசு சேர்த்துக் கொடுத்த
கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில்.
கட்டணம் கட்டியது;
ஓர் எழுத்தைக்கூட நான் தொட முடியாது.

இன்றுதான் மேலே வந்தேன்.
ஊட்டி தாண்டி ஊசிவளைவுகளில் இறங்கி
மறுபடி ஏறி,
இரண்டு முறை வாந்தி எடுத்து.

நாலாம் டிவிஷன், கடைசி லயன்,
உங்கள் மாலைப் பள்ளி.
மாலையோடு நின்றவன்
சுவரைப் பார்த்துவிட்டேன்.
கார்பன் தாளில் எடுத்த பிரதிகள்,
வரிசையாக, கூரைவரை.
ஒவ்வொன்றின் பக்கத்திலும்
நான் அச்சிட்ட துண்டு.
கீழே சிவப்பு மசியில்:
விடுபட்டவற்றை எழுதுக.

ழகரத்துக்குக் கழிவு என்ற சொல்.
கழித்தல் கணக்கும் அதுவேதான்:
கூடையில் இருபது, சீட்டில் பத்தொன்பது,
மீதி யாரிடம்?

"அந்த வெட்டுற சார் நீங்கதானா?"
என்றாள் யோகராணி.
உங்கள் பள்ளியின் பழைய மாணவியாம்,
இப்போது கொழுந்து எடுக்கிறாள்.
தலையாட்டினேன்.
"டீச்சர் திட்டினதில்ல சார்.
பாவம், எடம் பத்தாதுன்னுவாங்க."
அதைவிடத் திட்டியிருக்கலாம் நீங்கள்.

பதினொரு மணிக்கு மண் போட்டோம்.
இராமேஸ்வரத்தில் கப்பலிறங்கியபோது
உங்களுக்குக் கொடுத்த அட்டையை
யாரோ குழிக்குள் வைக்கப் போக,
வேறு யாரோ தடுத்தார்கள்:
சாதிச் சான்று வழக்குக்கு அது வேணும்.
பையில் போட்டு எடுத்துப் போனார்கள்.

அரைநாள் கூலி போகக்கூடாதென்று
மதியமே மலையேறினார்கள்.
நாலரைக்கு எடைக் கொட்டகை.
"பதினேழு" என்றார் கணக்கப்பிள்ளை.
யோகராணி அசையவில்லை.
"கண்ணாடியப் போட்டுப் பாருங்க.
பதினெட்டு முந்நூறு."
பின்னால் நின்ற பெண்களும்
கழுத்தை நீட்டி முள்ளை வாசித்தார்கள்,
சத்தமாக, ஒரே குரலில்,
வகுப்பில் வாசிப்பதுபோல.
அவர் என்னைப் பார்த்தார்,
என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.
பதினெட்டு முந்நூறு என்று எழுதினார்.

நானும் எழுதினேன், தேதி போட்டு.
ஏழேகால் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டே
மனுக்களின் தேதிகளையும்,
செபமாலை விழுந்த வளைவையும்.
நடுவட்டம் வருவதற்குள் ஆறு பக்கம்.
ஓரம் விட மறந்திருந்தேன்.